ஆள் கூடினால் வேலை கூடுமா?

மலேசியாவின் கேமரன் மலையில் 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் பத்துப் பேருக்குப் பதில் இருபது பேரை இறக்கினால், செடியில் கொழுந்து இருக்கும்வரை, மூட்டையும் ஏறக்குறைய இரட்டிக்கும். சரிவில் கத்தரியோடு நிற்பவர் பக்கத்து நிரைக்காரரை எதுவும் கேட்க வேண்டியதில்லை. நிரையின் இருபுறமும் இருவர் பிடித்து நடக்கும் வெட்டு இயந்திரம் வந்தால் கதை வேறு: ஒருவர் கை தாழ்ந்தாலும் கொழுந்தோடு முற்றிய இலையும் வெட்டுப்படும். மென்பொருள் எழுதுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. பத்துப் பேருக்குள் கலந்துபேச வேண்டிய சோடிகள் 45. இருபது பேருக்குள் 190. தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். புதியவருக்குக் கற்றுத்தரும் நேரம் இன்னொன்று.

அப்படியானால் பேச்சைக் குறைத்தால் போதுமா? போதாது. எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே முக்கியம். 2017இல் ஆய்வாளர்கள் ரீடல், வூலி இருவரும் வெளியிட்ட ஆய்வில் 260 மென்பொருளாளர்கள் 52 அணிகளாகப் பிரிந்து வேலை செய்தார்கள். நாள் முழுக்கச் செய்தி சொட்டிக்கொண்டிருந்த அணிகளைவிட, கொஞ்ச நேரம் மளமளவெனப் பேசிவிட்டு அமைதியாக வேலையில் இறங்கியவை நன்றாகச் செய்தன. கேள்வி ஆறுவதற்குள் பதில் வந்துவிடுகிறது. பிறகு கவனம் சிதறுவதில்லை. (எந்நேரமும் குழுச் செய்திக்குப் பதில் போடுவதை உழைப்பென்று கணக்கிடும் மேலாளர்கள் கவனிக்க.) கெட்டிக்கார அணிதான் அப்படிப் பேசும், பேச்சால் கெட்டிக்காரத்தனம் வராது என்று மறுக்கலாம்; நியாயமான மறுப்பு. ஆனால் 2018இல் ஆய்வாளர் பெர்ன்ஸ்டைனின் குழு பேச்சின் ஒழுங்கையே மாற்றிச் சோதித்தது. பல ஊர்களைச் சுற்றிவரக் குறுகிய வழியை மூவர் அணிகள் தேடின. விடாமல் ஒருவர் விடையை ஒருவர் பார்த்தவர்களுக்குச் சராசரி உயர்ந்தது, மிகச் சிறந்த விடை அரிதானது; தனித்தே தேடியவர்களுக்கு நேர்மாறு. விட்டுவிட்டுப் பார்த்தவர்களுக்கு இரண்டும் கிடைத்தன.