நாள் குறிக்கும் முன் வயதைப் பாருங்கள்

கல்யாணப் பேச்சு எடுத்ததும் வீட்டில் முதலில் ஜாதகத்தைத் தேடுகிறோம். அடுத்து நாள் பார்க்கிறோம். பிறகு மண்டபம், சமையல், பத்திரிகை என்று வேலை ஓடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கையில் எடுக்க வேண்டியது, பெண், மாப்பிள்ளை இருவருடைய பிறப்புச் சான்றிதழ். பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது குழந்தைத் திருமணம்தான். பெண்ணின் வயதையும் 21 ஆக்க 2021 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா வந்தது, அது சட்டமாகவில்லை.

மலைக்கும் இதே சட்டம்

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையின் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு பகுதிகளில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். 'எங்களுக்கு எங்கள் வழக்கம். இந்தச் சட்டம் மலைக்கு வராது' என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதிதான் உண்மை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது. எந்த முறையில் தாலி கட்டுவது, எவ்வளவு பரியம் பேசுவது என்பதை ஊர் வழக்கம் முடிவு செய்யலாம். ஆனால் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் சாதி, மதம், பழங்குடி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் பொருந்தும்.

வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு வெளியூர்க் கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. அந்த அச்சத்துக்கு மருந்து கல்யாணம் இல்லை. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் விடுதிகளும் இதற்காகவே இருக்கின்றன. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். படித்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியே ஆள் தேட வேண்டாம். ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பெண் ஸ்ரீபதி, ஏலகிரியில் பள்ளிப் படிப்பை முடித்து, சட்டம் படித்து, பிள்ளை பெற்ற சில நாட்களில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, 2024இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார்.

யார் யார் மாட்டுவார்கள்?

சிறுமியை மணக்கும் 18 வயது கடந்த ஆணுக்கு 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்தி வைப்பவர், துணை நிற்பவர், தெரிந்தும் தடுக்காத பெற்றோர் ஆகியோருக்கும் தண்டனை உண்டு. பெண்களுக்குச் சிறை கிடையாது, அபராதம் உண்டு. இந்தக் குற்றங்களில் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. அதோடு முடிவதில்லை. மனைவியே ஆனாலும் 18 வயதுக்குக் குறைந்தவளோடு உறவு கொள்வது பாலியல் வன்கொடுமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழும் வழக்கு சேர்ந்து வரும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து அந்தப் பெண்ணின் உடம்புக்கு. வளர்ந்து முடியாத வயதில் கருவுற்றால் இரத்தசோகை, இரத்தக் கொதிப்பு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று துன்பம் வரிசை கட்டும். அப்படிக் கருவுற்றிருந்தால் வழக்குக்குப் பயந்து வீட்டிலேயே பிரசவம் பார்க்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். உயிர்தான் முதலில்.

சரிபார்க்க வேண்டிய காகிதங்கள்

ஆதாரில் உள்ள பிறந்த தேதியை நம்பி நாள் குறிக்காதீர்கள். அது வயதுச் சான்று ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் பாருங்கள். பிறப்பைப் பதியாமல் ஓராண்டு கடந்திருந்தால், கோட்டாட்சியரின் ஆணை பெற்றுப் பதியலாம். கல்யாணம் முடிந்ததும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் எந்த மதத்தவர் திருமணமானாலும் பதிவு கட்டாயம். நாளைக்குக் கணவன் கைவிட்டால், வாரிசுரிமை கேட்க நேர்ந்தால், அந்தக் காகிதம் பேசும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பெண்ணின் சம்மதம். மாமன் மகனுக்கு என்று சின்ன வயதிலேயே பேசி முடித்ததாலோ, நிச்சயத் தட்டு மாற்றியதாலோ அவள் கட்டுப்பட வேண்டியதில்லை. 18 நிறைந்த பிறகும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

நிறுத்த வழி

ஏற்பாடு நடப்பது தெரிந்தால் 1098 எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு 181, காவல்துறைக்கு 112. அந்தப் பெண்ணே அழைக்கலாம். தோழியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ அழைக்கலாம். மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். அவர் மூலமாகவோ நேராகவோ நீதித்துறை நடுவரிடம் தடை உத்தரவு கேட்கலாம். தடையை மீறிக் கட்டிய தாலி செல்லாது.

நடந்து முடிந்திருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. பெண் தன் 20 வயது நிறையும் வரை, திருமணத்தை ரத்து செய்யக் கோரி மாவட்ட நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். மறுமணம் ஆகும்வரை ஜீவனாம்சம் கேட்கலாம். போட்ட நகையும் கொடுத்த பணமும் இரு பக்கமும் திரும்ப வேண்டும். பிறந்த குழந்தைக்கு எல்லா உரிமையும் உண்டு. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சட்ட உதவிக்கான எண் 15100.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களை முன்னால் வைத்துத்தான் பரியம் பேசுகிறார்கள், தேதி வைக்கிறார்கள். பேச உட்காரும்போது வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழையும் வைக்கச் சொல்லுங்கள். வயது நிறையவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். நீங்கள் எழுந்தால் அந்தக் கல்யாணம் நடக்காது.