வாயில் புகையிலை, மடியில் குழந்தை

வலிகாமத்துக் கிராமமொன்றுக்குக் களப்பணிக்காகச் சென்றபோது, ஒரு மாதக் கைக்குழந்தையுடன் ஓர் இளம் தாயைச் சந்தித்தேன். குழந்தை இரவில் உறங்குவதில்லை, வீரிட்டு அழுகிறது என்றார்.

"என்ரை பால் சரியில்லையாம் மிஸ். மாமி பால்மா கரைச்சுக் குடுக்கச் சொல்லுறா."

அவருடைய கடைவாயில் வெற்றிலையும் அதற்குள் புகையிலையும் இருந்தன.

"எப்பவிருந்து போடுறனீங்கள்?"

"2009 இலை முகாமிலை இருக்கேக்கை. அப்ப எனக்குப் பதின்மூண்டு வயசு. பசிக்கு அம்மம்மா ஒரு துண்டு தந்தவ. போட்டால் பசியும் தெரியாது, யோசினையும் குறையும். பிறகு விட ஏலாமல் போச்சு."

இவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. புகையிலை எங்கள் மண்ணின் பணப்பயிர். ஒரு காலத்தில் திருவாங்கூர் வரை ஏற்றுமதியானது. வீட்டுக்கு வீடு வெற்றிலைத் தட்டம் இருந்தது. இழப்பும் இடப்பெயர்வும் அந்தப் பழக்கத்தைப் பல பெண்களுக்கு ஆறுதலாக்கின. சிகரெட் பிடிக்காத பெண்கள் "எங்களுக்கு இது பொருந்தாது" என நினைக்கிறார்கள். ஆனால் புகைத்தாலும் மென்றாலும் உடலில் சேர்வது அதே நிக்கொட்டின்தான்.

அது இரத்தத்திலிருந்து தாய்ப்பாலுக்குச் செல்கிறது. இரத்தத்தில் இருப்பதைவிடப் பாலில் அதன் செறிவு அதிகம். தாயின் உடலில் ஏறக்குறைய 2 மணித்தியாலத்தில் அது பாதியாகக் குறையும். பிறந்த சிசுவுக்கோ அதை வெளியேற்றப் பல மடங்கு நேரம் எடுக்கும். இதனால் குழந்தையின் உறக்கம் குறையலாம், அமைதியின்மையும் ஏற்படலாம். தாய்க்குப் பால் சுரப்பதும் குறையக்கூடும். புகையிலைத் தோட்டத்தில் ஈரமான பச்சை இலையைக் கையாளும்போது தோல் வழியாகவும் நிக்கொட்டின் உடலில் சேரும் என்பதைத் தோட்ட வேலைக்குச் செல்லும் தாய்மார் மறக்கக்கூடாது.

அப்படியானால் பாலை நிறுத்துவதா? இல்லை சகோதரிகளே, நிறுத்த வேண்டியது புகையிலையைத்தான். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். நோயெதிர்ப்புச் சக்தியைப் பால்மா தராது. அசுத்தமான தண்ணீரில் கரைத்தால் வயிற்றோட்டமும் வரும்.

உடனே விட முடியாதவர்கள் முதலில் குழந்தைக்குப் பால் கொடுங்கள். புகையிலை போட்டேயாக வேண்டுமென்றால் அதன்பின் போடுங்கள். அடுத்த முறை பாலூட்டுவதற்குள் இயன்றவரை நீண்ட இடைவெளி விடுங்கள். ஆனால் பசித்து அழும் பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள். இரவில் வாயில் அடக்கிக்கொண்டு உறங்காதீர்கள். ஒவ்வொரு நாளும் துண்டைச் சிறிதாக்குங்கள். விடும்போது சில நாட்கள் எரிச்சலும் உறக்கமின்மையும் வரும், பிறகு தணியும். அந்த நேரங்களில் ஓர் ஏலக்காயை மெல்லலாம். பாக்கு மட்டும் போடலாம் என்றும் எண்ண வேண்டாம். பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மூன்று வாரங்களின் பின் மீண்டும் சென்றேன். அந்தத் தாய் புகையிலையை முற்றாக விட்டிருக்கவில்லை. நாளுக்கு எட்டுத் தரம் போட்டவர் இரண்டு தரமாகக் குறைத்திருந்தார். பால்மாப் பெட்டி உடைக்கப்படாமல் அப்படியே இருந்தது. மாமி தன் தட்டத்தை மருமகளின் கண்ணில் படாமல் உள்ளே வைத்திருந்தார்.

"இரவிலை கொஞ்சம் நித்திரை கொள்ளுறான் மிஸ்" என்றார் அந்தத் தாய்.

தனியாக விடுவது கடினம். வீட்டார் துணை நின்றால் முடியும்.