சேற்றில் உறங்கும் அமிலம்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில், கேன்ஸ் நகருக்கு எதிரே, ஈஸ்ட் டிரினிட்டி என்றொரு சதுப்பு நிலம் உண்டு. 1970-களில் அங்கே கரும்பு பயிரிட எண்ணி, கடல் ஓதம் உள்ளே வராதபடி நீண்ட கரை எழுப்பி நீரை வடித்தார்கள். நிலம் உலர்ந்தது, மண் புளித்துப் போயிற்று! வாய்க்கால்களில் அமில நீர் ஓடியது, மீன்கள் மடிந்தன. யாரும் அமிலத்தைக் கொண்டுவந்து கொட்டவில்லை. பின் அது எங்கிருந்து வந்தது?

அலையாத்திக் காட்டுச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். விடை அந்த நாற்றத்தில் இருக்கிறது. நீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். இலை தழைகளை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் அதற்குப் பதிலாக நைட்ரேட்டையும், பிறகு மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளையும், கடைசியில் கடல்நீரிலுள்ள சல்பேட்டையும் பயன்படுத்துகின்றன. எலெக்ட்ரானை ஏற்கும் நாட்டம் படிப்படியாகக் குறையும் வரிசை இது. (இயற்பியல் ஆசிரியனான எனக்கு வேதியியலில் மிகவும் பிடித்த இடமும் இதுவே.) சல்பேட் சல்பைடாகி, இரும்புடன் கூடிப் பைரைட் என்ற கனிமமாகப் படிகிறது. நீருக்குள் இருக்கும்வரை அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சும்மா கிடக்கும். காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகும்.

எவ்வளவு அமிலம்? 120 கிராம் பைரைட் முழுவதும் ஆக்சிகரணம் அடைந்தால் 196 கிராம் அமிலம் உண்டாகும். ஒரு ஹெக்டேரில், 1 மீட்டர் ஆழம்வரையுள்ள மண்ணின் உலர் எடை 10,000 டன் என்றும், அதில் பைரைட் 1 சதவீதமே என்றும் கொள்வோம். பைரைட் 100 டன். அமிலமோ ஏறத்தாழ 163 டன்! அதை நடுநிலையாக்க 167 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும்.

இது மேல் எல்லைதான். சேற்றில் சிப்பி ஓடுகள் இருந்தால் ஒரு பகுதி அங்கேயே அடங்கிவிடும். களிமண்ணும் கொஞ்சம் அமிலத்தை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அப்போது அலுமினியம் நீரில் கரையும். மீனின் செவுளைக் கெடுப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஒன்றோடொன்று பின்னிய இத்தனை வினைகளைத் தாளில் போட்டு முடிக்க இயலாது. இங்கேதான் புவி வேதியியல் மாதிரி, அதாவது கணிப்பொறிக் கணக்கு, உதவுகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1980-இல் இத்தகைய நிரல் ஒன்றை வெளியிட்டது. அதன் வழிவந்த ‘ஃபிரீக்சி’ இன்றும் பலரால் பயன்படுத்தப்படுகிறது.

அதன் அடிப்படை பள்ளி மாணவரும் அறிந்ததே. தெவிட்டிய கரைசலில் மேலும் உப்பு கரையாது அல்லவா? மண்நீரிலுள்ள அயனிகளின் பெருக்கத்தைக் கனிமத்தின் சமநிலை மாறிலியோடு நிரல் ஒப்பிடுகிறது. பெருக்கம் கூடுதலானால் கனிமம் படியலாம்; குறைவானால் கரையலாம். பாங்காக் சமவெளியின் அமில மண்ணை 1970-களில் ஆராய்ந்த வான் பிரீமன், வைக்கோல் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தோன்றும் ஜாரோசைட் என்ற கனிமத்தை இவ்வகைச் சமநிலைக் கணக்குகளால் விளக்க முயன்றார்.

சமநிலைக் கணக்கு போக்கைக் காட்டும், காலத்தைச் சொல்லாது. பைரைட் சிதையும் வேகத்தைப் பாக்டீரியாக்கள் பன்மடங்கு கூட்டுகின்றன. அந்த வேகத்தைத் தனியே அளந்து நிரலுக்குத் தரவேண்டும். இதை மறந்தவர்கள் கணிப்பொறியைக் குறை சொல்வதில் பொருளில்லை.

ஈஸ்ட் டிரினிட்டியில் 2000-க்குப் பிறகு கடல்நீரைச் சிறிது சிறிதாக மீண்டும் உள்ளே விட்டார்கள், சுண்ணாம்பும் சேர்த்தார்கள். கடல்நீரின் பைகார்பனேட் அமிலத்தின் ஒரு பகுதியை அடக்கியது. அத்துடன், காற்றிழந்த சேற்றில் பழைய பாக்டீரியாக்கள் திரும்பவும் வேலையைத் தொடங்கி, இரும்பையும் சல்பேட்டையும் ஒடுக்கியபோது அமிலம் மேலும் குறைந்தது. சேற்றில் மறுபடியும் பைரைட் உருவாகத் தொடங்கியது.