பழைய எஞ்சின் படகு வாங்குமுன்...

கடலோரக் குடும்பமொன்று தன் வாழ்நாளில் வாங்கும் பொருள்களுள் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரியது படகே ஆகும். புதுப் படகும் புது எஞ்சினும் எல்லாருக்கும் எட்டுவதில்லை. ஆதலால் கூலிக்குக் கடலுக்குச் சென்று வரும் இளைஞர் ஒருவர் சொந்தத் தொழில் தொடங்க எண்ணும்போது, பிறர் ஓட்டிய பைபர் வள்ளத்தையும் அதன் பின்பலகையில் மாட்டிய பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினையுமே நாடுகின்றார். மனைவியின் நகை அடகுக்குப் போகின்றது. மீதத்துக்குக் கடன் ஏற்படுகின்றது. விலை மலிவு என்பதே மகிழ்ச்சியாகத் தோன்றுகின்றது. ஆனால் விலையை ஒருமுறைதான் கொடுக்கிறோம். எரிபொருளுக்கும் பழுதுக்கும் நாள்தோறும் கொடுக்கிறோம். இந்த இரண்டாம் கணக்கைப் பார்க்காமல் வாங்கிய படகு, குடும்பத்தைத் தாங்குவதற்குப் பதிலாகக் குடும்பமே அதைத் தாங்கும்படி செய்துவிடும்.

நம் கரைக்கு வந்த எஞ்சின்

நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ஆம் ஆண்டில் தம் படகு எஞ்சின்களை விற்கத் தொடங்கினார். படகின் வெளிப்புறத்தில் மாட்டும் இவ்வகை எஞ்சின், கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் 1980-களின் தொடக்க ஆண்டுகளில் வேகமாகப் பரவியது. துடுப்பையும் பாயையும் நம்பியிருந்தவர்கள் தொலைதூரம் சென்று விரைவில் கரை திரும்ப அது வழி செய்தது.

டூ ஸ்ட்ரோக் வகையை நம்மவர் விரும்பியதற்குத் தக்க காரணங்கள் உண்டு. துறைமுகமில்லாத ஊர்களில் அலையைக் கடந்து மணலில் ஏறவேண்டியிருக்கிறது. எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வரவேண்டியிருக்கிறது. 10 குதிரைத்திறன் எஞ்சின் ஏறத்தாழ 40 கிலோ எடையே உள்ளது. அதில் உறுப்புகள் குறைவு. உள்ளூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். எனினும் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. புதிய எரிபொருள் சிலிண்டருக்குள் புகும் வேளையிலேயே எரிந்த புகையும் வெளியேறுவதால், எரியாத எரிபொருளின் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து வீணாகிவிடுகிறது. பழைய கார்புரேட்டர் எஞ்சின்களில் இந்த வீண் கால்பங்கு வரையிலும் போகக்கூடும். தேய்ந்த எஞ்சினில் இது மேலும் கூடும்.

குளிர்ந்த எஞ்சினைப் பாருங்கள்

பார்க்கச் சென்றதும் முதலில் எஞ்சின்மீது உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் அதை ஓட்டிப் பழக்கியிருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்பதே உண்மையைச் சொல்லும். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெட்ரோலில் தொடங்கிச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது முறை. இரண்டிலும் அது தடுமாறாமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. வெளுத்துப்போய், நுண்ணிய உலோகத் துகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்று அறியலாம். பிளக் துளையில் அளவுமானியைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கவேண்டும். இரண்டு சிலிண்டர்களுக்கிடையே பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு இருந்தால் உள்ளே தேய்மானம் இருப்பதாகக் கொள்ளலாம். சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டால் அழுத்தம் சற்று நேரம் உயர்ந்து காட்டும். ஆகவே எஞ்சின் நன்கு ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை அளப்பதே அறிவுடைமை.

கீழ்ப்பகுதியிலுள்ள கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால் கலந்தாற்போல் இருந்தால் கடல்நீர் உள்ளே புகுந்துள்ளது. விசிறியைக் கழற்றி அதன் பின்புறத்தையும் காணவேண்டும். அங்கே சுற்றிக்கொள்ளும் தூண்டில் நரம்பு நீர்காப்பு வளையத்தை அறுத்துவிடுவது வழக்கம். நீருக்குள் இருக்கும் பாகத்தில் பொருத்தப்பட்ட துத்தநாகக் கட்டி, உப்பு அரிப்பைத் தான் ஏற்றுக்கொண்டு எஞ்சினைக் காப்பது. அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்தால் பயனில்லை. புதிதாகப் பெயிண்ட் பூசிய எஞ்சினை இருமடங்கு கவனத்தோடு பாருங்கள்.

கடலில் ஒரு மணி நேரம்

கரையில் நன்றாக முழங்கும் எஞ்சின், சுமையோடு கடலில் இளைத்துவிடலாம். ஆதலால் வலையும் ஆட்களும் ஏறிய படகில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவேண்டாம். குளிர்நீர் பீய்ச்சும் துளையிலிருந்து நீர் இடைவிடாது வரவேண்டும். வராவிட்டால் நீரேற்றும் இம்பெல்லர் கெட்டிருக்கும், அல்லது பாதையில் உப்பு அடைத்திருக்கும்.

எண்ணெய்க் கலவையையும் கேட்டறியுங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிபொருளோடு கலந்த எண்ணெயே உட்பகுதிகளை வழுவழுப்பாக வைக்கிறது. பல பெட்ரோல் எஞ்சின்களுக்கு 50 லிட்டருக்கு 1 லிட்டர் என்பது அளவு. மண்ணெண்ணெய் எஞ்சின்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம். தயாரித்தவரின் கையேடு கூறுவதையே பின்பற்றுக. கடல் எஞ்சினுக்குரிய எண்ணெய்க்குப் பதிலாக ஸ்கூட்டர் எண்ணெயை ஊற்றிவந்தவரின் எஞ்சினில் கரி படிந்திருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 10 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் எரிபொருள் குடிக்கும். மண்ணெண்ணெயில் சற்றுக் கூடும். அளந்து ஊற்றி, ஓட்டி, மீதத்தை அளந்தால் உண்மை விளங்கும். தேய்ந்த எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் அதிகம் குடித்தால், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம், ஆண்டுக்கு இருநூறு நாள் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் லிட்டர் வீண். மலிவாக வாங்கியதாக எண்ணிய தொகை இவ்வாறே கரைந்துபோகிறது.

படகின் உடல்

மணலில் இழுக்கப்படும் படகின் அடிப்பாகமே முதலில் தேயும். அதைக் கவிழ்த்துப் பார்க்கவேண்டும். சிறு கட்டையால் தட்டிக்கொண்டே செல்லுங்கள். 'கணீர்' என்ற ஒலி நல்லது. மந்தமான ஒலி எழும் இடத்தில் பைபர் அடுக்குகள் பிரிந்திருக்கும். எஞ்சின் தாங்கும் பின்பலகைக்குள் மரம் இருந்தால் அது ஊறி மக்கியிருக்கக்கூடும். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழுமாக அசைக்கையில் பலகை நெளிந்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

பத்திரமும் கடனும்

தமிழ்நாட்டில் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல் இயற்றப்பட்டது. படகின் பதிவுச் சான்றும் எழுதப்பட்ட எண்ணும் ஒத்திருக்கின்றனவா, எஞ்சினில் பொறித்த எண்ணும் ரசீதும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். எண் சுரண்டப்பட்ட எஞ்சின் திருட்டுப் பொருளாயிருக்கலாம். வங்கியிலோ சங்கத்திலோ அப்படகின்மேல் கடன் நிற்கின்றதா என்று விசாரியுங்கள். விற்பவரோடு மீன்வளத்துறை அலுவலகம் சென்று பெயர் மாற்றம் முடிந்த பின்னரே முழுப்பணமும் கைமாறட்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ஏலக்காரரிடம் முன்பணம் பெற்றுப் படகு வாங்கியவர், பிடித்த மீனை அவர் வழியாகவே விற்கக் கட்டுப்படுகிறார். கடன் தீரும்வரை ஒவ்வொரு நாள் விற்பனையிலும் கமிஷன் கழிகிறது. இந்தக் கட்டிலிருந்து மீனவரை விடுவிக்கவே கிராமச் சங்கங்கள் தோன்றின. அவற்றின் கூட்டமைப்பாகத் தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பு 1980-இல் உருவாகிக் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பணியாற்றியது. எஞ்சின் பழுதுபார்க்கும் வசதியையும் அது அளித்தது. உங்கள் ஊரில் சங்கம் இருப்பின், முதலில் அங்கே கேளுங்கள்.

வீட்டாரும் அறியட்டும்

பல வீடுகளில் படகு வாங்கும் செய்தி, நகை கேட்கும் நேரத்தில்தான் பெண்களுக்குத் தெரிகிறது. சந்தைக்கு மீன் கொண்டுசென்று காசு எண்ணிப் பழகியவர்கள் அவர்களே. எரிபொருள் கணக்கையும் கடன் கணக்கையும் அவர்களோடு அமர்ந்து பாருங்கள். வாங்கும் விலைக்கு மேல், பழுதுபார்க்கவும் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். பழைய படகாயினும் இரண்டு துடுப்பும், உயிர்காப்பு அங்கியும், மாற்று பிளக்குகளும் இல்லாமல் கடலில் இறக்கவேண்டாம். காற்று மாறும் மாலையில் பிடிக்க மறுக்கும் எஞ்சின், கரையில் காத்திருப்போரின் உயிரையும் வாட்டுகிறது.

புதுப் பெயர் எழுதி, பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்துப் படகை மந்திரிப்பது நம் ஊர்களின் நல்வழக்கம். அந்த நாளுக்கு முன்னர் அழுத்தமானியும், அளவுக் குவளையும், பதிவுச் சான்றும் தங்கள் வேலையை முடித்திருக்கட்டும்.