ஐபிஎம் ஐ இயங்குதளத்தில் தரவுத்தள நிர்வாகம்

ஐபிஎம் ஐ இயங்குதளத்தில் தரவுத்தள நிர்வாகம் என்பது, அவ்வியங்குதளத்துடன் இணைந்தே வரும் டிபி2 ஃபார் ஐ என்னும் உறவுசார் தரவுத்தளத்தைப் பேணுதல், காப்பெடுத்தல், மீட்டெடுத்தல் ஆகிய பணிகளைக் குறிக்கும். யுனிக்சு, லினக்சு, விண்டோசு ஆகியவற்றில் பழகிய நிர்வாகி ஒருவருக்கு இங்கும் எஸ்கியூஎல் மொழி அறிமுகமானதே. எனினும், வேறு தளங்களில் தாமாக நடைபெறும் சில பாதுகாப்புப் பணிகளை இங்கு நிர்வாகியே தொடங்கிவைக்க வேண்டியிருக்கும்.

வரலாறு

இயங்குதளத்திற்குள்ளேயே தரவுத்தளத்தை அமைக்கும் முறை, 1978 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/38 கணினியில் காணப்பட்டது. அதன் வழிவந்த ஏஎஸ்/400 கணினியை 1988 ஆம் ஆண்டு சூன் 21 அன்று ஐபிஎம் அறிவித்தது. அக்கணினி வரிசை 2000 இல் ஐசீரீஸ் எனவும், 2006 இல் சிஸ்டம் ஐ எனவும் பெயர் மாற்றம் பெற்றது. 2008 முதல் இதன் இயங்குதளம் ஐபிஎம் ஐ என அழைக்கப்படுகிறது.

கலைச்சொற்களும் கட்டளைகளும்

அட்டவணை இங்கு இயற்பியல் கோப்பு எனப்படும். காட்சி, சுட்டெண் ஆகிய இரண்டும் தருக்கக் கோப்பு என்னும் வகையுள் அடங்கும். இவை நூலகம் எனப்படும் கொள்கலனில் வைக்கப்படுகின்றன. நூலகமே எஸ்கியூஎல் வழக்கில் ஸ்கீமா ஆகும்.

கட்டளைகள் பெரும்பாலும் மூன்றெழுத்து வினைச்சுருக்கத்தில் தொடங்குகின்றன. எடுத்துக்காட்டாக, டி, எஸ், பி என்னும் எழுத்துகள் "காட்டுக" என்று பொருள்படும். கட்டளையைத் தட்டச்சு செய்து எஃப்4 விசையை அழுத்தினால், அது ஏற்கும் அளபுருக்கள் திரையில் தோன்றும். எனவே கட்டளைகளை முழுமையாக மனனம் செய்ய வேண்டியதில்லை.

முக்கிய வேறுபாடுகள்

* நினைவகமும் வட்டும் ஒரே முகவரி வெளியாகக் கருதப்படுகின்றன. தரவைப் பல வட்டுகளில் கணினியே பரப்பி வைப்பதால், பொதுவாக டேபிள்ஸ்பேஸ் வரையறுக்கும் பணி இல்லை.
* தரவுத்தளத்திற்கெனத் தனிப் பயனர்கள் இல்லை. இயங்குதளத்தின் பயனர் விவரமும் பொருள்வாரியான உரிமைகளுமே தரவுக்கும் பொருந்தும்.
* பழைய முறையில் உருவாக்கிய கோப்புகளில், நீக்கப்பட்ட பதிவுகளின் இடம் இயல்பாக மறுபடி பயன்படுத்தப்படுவதில்லை. கோப்பை மறுசீரமைத்தே அவ்விடத்தை மீட்க இயலும்.

ஜர்னல்

தரவில் நிகழும் மாற்றங்களை வரிசையாகப் பதியும் பொருள் ஜர்னல் ஆகும். பதிவுகள் உண்மையில் அதனுடன் இணைக்கப்பட்ட ரிசீவர் என்னும் பொருளில் சேமிக்கப்படுகின்றன. எஸ்கியூஎல் வழியாக உருவாக்கிய ஸ்கீமாவில் ஜர்னல் தானாக அமைந்து, அதில் உருவாகும் அட்டவணைகளும் தாமாக இணைகின்றன. சாதாரண நூலகத்தில் கட்டளை மூலம் உருவாக்கிய இயற்பியல் கோப்புகளுக்கு இவ்வசதி இயல்பாகத் தொடங்குவதில்லை.

இதன் விளைவு மீட்டெடுப்பின் போதே தெரியவரும். இரவு 11 மணிக்குக் காப்பெடுக்கப்பட்ட கணினியின் வட்டுகள் மறுநாள் பிற்பகல் 3 மணிக்குப் பழுதாவதாகக் கொள்வோம். ஜர்னல் இல்லாத கோப்பில் 16 மணி நேரத்துத் தரவு இழக்கப்படும். ஜர்னல் செய்யப்பட்டு, ரிசீவர்களும் வேறிடத்தில் பாதுகாப்பாக இருப்பின், காப்புநகலை மீட்டு அதன்மீது பிந்தைய மாற்றங்களைச் செலுத்தலாம். ஆனால் ஜர்னல் தொடங்கிய பின்னர் எடுத்த காப்புநகலே இதற்குப் பயன்படும். ஆகவே ஜர்னலைத் தொடங்கியவுடன் கோப்பை ஒருமுறை காப்பெடுத்தல் இன்றியமையாதது.

ஜர்னல் செய்யப்படாத கோப்பை ஒப்புதல் கட்டுப்பாட்டின் கீழ் மாற்ற முயன்றால் எஸ்கியூஎல்7008 என்னும் பிழைச்செய்தி தோன்றும். அக்கட்டுப்பாட்டை நிறுத்தினால் செய்தி மறையும்; கோப்பு பாதுகாப்பற்றே இருக்கும்.

புதிய நிர்வாகியின் முதற்பணிகள்

# கோப்பு விவரத்தைக் காட்டும் கட்டளையின் மூலம், முக்கிய கோப்புகள் ஜர்னல் செய்யப்படுகின்றனவா எனச் சரிபார்த்தல்.
# ரிசீவர்களைக் காப்பெடுத்த பின்னரே நீக்குதல். நீக்காமலே விட்டால் வட்டு நிரம்பக்கூடும்.
# காப்பெடுத்த நூலகம் ஒன்றைச் சோதனை நூலகத்தில் மீட்டுப் பார்த்தல்.

இவற்றையும் பார்க்க

* உறவுசார் தரவுத்தளம்
* இயங்குதளம்
* காப்புநகல்