ஹோமர் போட்ட கணக்குல தப்பு எங்க?

பைக்குள்ள கிடக்குற சயின்டிஃபிக் கால்குலேட்டரை எடுங்க. எக்ஸாம் ஹாலுக்கு மட்டும் வெளிய வர்ற அதே கால்குலேட்டர்தான். அதுல 1782¹² + 1841¹² போடுங்க. பத்து இலக்கம் காட்டுற திரையா இருந்தா 2.541210259 × 10³⁹ என்று வரும். இப்ப 1922¹² மட்டும் போடுங்க. அதே 2.541210259 × 10³⁹. ஒரு இலக்கம்கூட மாறாது.

சாதாரணமா இதைப் பாத்துட்டு "சரி, ரெண்டும் சமம்" என்று அடுத்த ஸ்டெப்புக்குப் போயிடுவோம். ஆனா இது சமமா இருந்தா, 350 வருஷம் கணித உலகத்தைத் தண்ணி காட்டுன ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் பொய்யாயிடும். ரெண்டு முழு எண்களோட கனங்களைக் கூட்டினா இன்னொரு முழு எண்ணோட கனம் வராது. நாலாவது அடுக்கு, பன்னிரண்டாவது அடுக்கு, எதுக்கும் வராது என்பதுதான் அந்தத் தேற்றம். (சுழியத்தை விட்டுடுங்க.) ஆண்ட்ரூ வைல்ஸ் எழுதிய நிரூபணம் 1995ல் அச்சுக்கு வந்துச்சு. அதே 1995 அக்டோபர் 29ஆம் தேதி, ஒரு கார்ட்டூன் தொடர்ல, ஹோமர் சிம்ப்ஸன் தலைக்குப் பின்னாடி இந்தச் சமன்பாடு சாவகாசமா மிதந்து போச்சு!

அந்த எபிசோடைத்தான் இப்ப பிரிச்சுப் பார்க்கப் போறோம். பாத்து முடிச்ச பிறகு நீங்க எந்தக் கார்ட்டூனைப் பார்த்தாலும் மூணு கேள்வி தானா வரும்: இது குறிப்பா? வேணும்னே பண்ண தப்பா? நிஜமாவே தப்பா?

சுவருக்குப் பின்னாடி என்ன இருக்கு?

'த சிம்ப்ஸன்ஸ்' தொடர் ஒவ்வொரு வருஷமும் ஹாலோவீனுக்கு மூணு குட்டிக் கதைகளைச் சேர்த்து ஒரு எபிசோட் போடும். 1995ல் வந்தது அந்த வரிசையில் ஆறாவது. அதன் மூணாவது கதை 'ஹோமர் க்யூப்ட்', அதாவது ஹோமரின் கனம். எழுதினவர் டேவிட் கோஹன். ஹார்வர்டுல இயற்பியல், பெர்க்லியில கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவர்.

கதை ரொம்ப சிம்பிள். மனைவியோட அக்காமார் வீட்டுக்கு வர்றாங்க. அவங்ககிட்ட மாட்டாம இருக்க ஹோமர் புத்தக அலமாரிக்குப் பின்னாடி ஒளியறார். அங்க சுவருல ஒரு வழி திறக்குது. நுழைஞ்சா, தட்டையான கார்ட்டூன் உலகத்திலிருந்து முப்பரிமாண உலகத்துக்கு வந்துடறார். அந்த 3டி காட்சிகளை உருவாக்கினது பசிஃபிக் டேட்டா இமேஜஸ். பின்னால 'ஷ்ரெக்' படத்துல வேலை செஞ்ச அதே நிறுவனம்.

இனி குறிப்புகளை எண்ணுவோம்.

சுவருக்குள்ள வேற பரிமாணம் என்ற யோசனையே 'த ட்வைலைட் ஸோன்' தொடர்ல 1962ல் வந்த 'லிட்டில் கேர்ள் லாஸ்ட்' எபிசோடுக்கு ஒரு கும்பிடு. 1982ல் வந்த 'ட்ரான்' படத்தையும் ஹோமர் பேச்சுல இழுப்பார்.

பின்னணியில ஒரு டீ கெட்டில் மாதிரி ஒண்ணு தெரியும். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு அது பழைய நண்பன்: மார்ட்டின் நியூவெல் 1975ல் யூட்டா பல்கலைக்கழகத்துல வடிவமைச்ச 'யூட்டா டீபாட்'. 3டி மென்பொருளைச் சோதிக்க உலகமே பயன்படுத்துற மாடல்.

ஆய்லரின் சமன்பாடு ஒரு பக்கம் மிதக்கும். இன்னொரு பக்கம் 'பி = என்பி'. அதைத் தீர்த்தா பத்து லட்சம் டாலர் பரிசு என்று க்ளே நிறுவனம் 2000ல் அறிவிச்சுது. 46, 72, 69 என்று தொடங்குற ஹெக்ஸாடெசிமல் வரிசையும் இருக்கு. ஆஸ்கி அட்டவணையை வெச்சுப் படிச்சா 'ஃப்ரிங்க் ரூல்ஸ்!' என்று வரும். ஃப்ரிங்க் என்பது தொடர்ல வர்ற விஞ்ஞானி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அண்டவியல் சமன்பாடு. பிரபஞ்சத்தோட அடர்த்தி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினா அது தனக்குள்ளேயே சுருங்கி விழும் என்று சொல்லுற வரி. காட்சி முடியறப்ப அந்த முப்பரிமாண உலகம் அப்படியேதான் சுருங்கி விழுது. முடிவை முதல்லயே கண்ணு முன்னாடி எழுதிப் போட்டிருக்காங்க, நாமதான் படிக்கல.

வேணும்னே பண்ண தப்பு

இப்ப அந்தப் பன்னிரண்டாம் அடுக்குக்கு வருவோம். கோஹன் இதுக்காகவே ஒரு ப்ரோகிராம் எழுதி, 'கிட்டத்தட்ட சரி' ஆகுற எண்களைத் தேடிப் பிடிச்சார். இடது பக்கமும் வலது பக்கமும் 40 இலக்க எண்கள். முதல் ஒன்பது இலக்கமும் ஒண்ணேதான். பத்தாவது இலக்கம் ஒரு பக்கம் 8, மறு பக்கம் 9. கால்குலேட்டர் பத்து இலக்கத்துக்கு ரவுண்ட் பண்ணும்போது அந்த வித்தியாசமும் அழிஞ்சு போயிடுது.

மறைஞ்சதை வெளிய இழுக்கணுமா? ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிங்க. கால்குலேட்டர் திரையில காட்டுறதை விட உள்ளே சில இலக்கங்கள் அதிகமா வெச்சிருக்கும். சுழியம் வராது, 7 × 10²⁹ அளவுல ஒரு பிரம்மாண்டமான எண் வந்து நிக்கும். ரெண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது சின்ன ரவுண்டிங் பிழை எப்படி விஸ்வரூபம் எடுக்கும் என்று நியூமெரிக்கல் மெத்தட்ஸ்ல படிக்கிறோமே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனா கால்குலேட்டரே வேண்டாம். 1782 இரட்டைப்படை, அதை எத்தனை தடவை பெருக்கினாலும் இரட்டைதான். 1841 ஒற்றைப்படை, எத்தனை அடுக்கு போனாலும் ஒற்றைதான். இரட்டையும் ஒற்றையும் சேர்ந்தா ஒற்றை. 1922 இரட்டை. எப்படிச் சமமாகும்? ஆறாம் வகுப்புக் கணக்கு போதும். 40 இலக்கத்தை மெஷின் நம்பச் சொல்லுது, கடைசி இலக்கம் மட்டும் வேண்டாம்னு சொல்லுது.

இந்த 'கிட்டத்தட்ட' விளையாட்டு நம்ம பக்கத்துல ரொம்பப் பழசு. திருச்சியில ரயில் ஏறினா தஞ்சாவூரைத் தாண்டி வர்ற கும்பகோணம். சாரங்கபாணி சன்னிதித் தெருவுல வளர்ந்த ராமானுஜன், லண்டன் பட்னியில ஆஸ்பத்திரிப் படுக்கையில இருந்தபோது ஹார்டி வந்த டாக்ஸியோட நம்பர் 1729. 1³ + 12³, 9³ + 10³ என்று ரெண்டு விதமா எழுத முடிகிற மிகச் சிறிய எண். இதையே கொஞ்சம் மாத்தி எழுதிப் பாருங்க: 9³ + 10³ = 12³ + 1. ஃபெர்மாவை ஒரே ஒரு எண்ணுல தவறவிட்ட கணக்கு! 135³ + 138³ = 172³ − 1 மாதிரி இன்னும் பலதை ராமானுஜன் வரிசையா எழுதி வெச்சிருக்கார்.

கோஹன் அடுத்து சேர்ந்து உருவாக்கின 'ஃப்யூச்சராமா' தொடர்ல இந்த 1729 திரும்பத் திரும்ப வரும். பெண்டர் என்ற ரோபோவுக்கு அதைச் செஞ்ச மெஷின் அனுப்புற வாழ்த்து அட்டையில 'மகன் எண் 1729'. நிம்பஸ் விண்கலத்தோட நம்பரிலும் 1729. 2007ல் வந்த 'பெண்டர்ஸ் பிக் ஸ்கோர்'ல ஒரு டாக்ஸியோட நம்பர் 87539319. இது மூணு விதமா ரெண்டு கனங்களின் கூட்டலா எழுத முடிகிற மிகச் சிறிய எண். முதல் விதம் 167³ + 436³. மிச்சம் ரெண்டையும் நீங்க கண்டுபிடிங்க. கும்பகோணத்துக்காரருக்கு இதைவிடச் சத்தமில்லாத மரியாதை எங்க கிடைக்கும்?

நிஜமாவே தப்பு

எல்லாத் தப்பும் இப்படிப் புத்திசாலித்தனமான தப்பு இல்ல. 1990 ஜனவரி 21 அன்று வந்த 'ஹோமர்ஸ் ஒடிஸி' எபிசோடுல, மிஸ்டர் பர்ன்ஸோட உதவியாளர் ஸ்மிதர்ஸ் கறுப்பு நிறத்துல இருப்பார். மத்த எல்லா எபிசோடிலும் மஞ்சள். கதையில ஒரு காரணமும் இல்ல. வண்ணம் தீர்மானிச்ச இடத்துல நடந்த பிழை. பார்னிக்கு ஆரம்பத்துல முடி மஞ்சள், அப்புறம் பழுப்பு. தோல் நிறமும் முடி நிறமும் ஒண்ணா இருக்கிறது சிம்ப்ஸன் குடும்பத்துக்கு மட்டும் இருக்கட்டும் என்று பிறகு முடிவு பண்ணாங்க.

இதெல்லாம் ஏன் நடக்குது? கொஞ்சம் கணக்கு போடுவோம். ஒரு எபிசோட் 22 நிமிஷம். நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை ரெண்டு ஃப்ரேமுக்கு வெச்சாலும் நொடிக்கு 12 படம். 22 × 60 × 12 = 15,840 படம். அதுவும் ஒரு அடுக்குக்குத்தான். ஒரே காட்சியில ரெண்டு பேர் பேசினா ஆளுக்கொரு அடுக்கு, வாய்க்குத் தனி அடுக்கு. அந்தக் காலத்துல ஒவ்வொண்ணும் செல் என்ற கண்ணாடி மாதிரித் தாள்ல கையால வண்ணம் தீட்டினது. கதை, குரல், ஸ்டோரிபோர்டு எல்லாம் லாஸ் ஏஞ்சலஸ்ல. படம் வரையறதும் வண்ணமும் தென் கொரியாவுல. நடுவுல ஒரே பாலம், 'இந்தக் கதாபாத்திரத்துக்கு இந்த நிறம்' என்று எழுதி அனுப்புற தாள். அதுல ஒரு வரி தப்பினா, அந்தத் தப்பு ஆயிரக்கணக்கான செல்லுல ரொம்ப ஒழுக்கமா, சீரா வரையப்பட்டுத் திரும்பி வரும்.

தொடரோட முதல் எபிசோடா போடணும்னு எடுத்த 'சம் என்சேன்டட் ஈவ்னிங்' அப்படித் திரும்பி வந்தபோது, சுமார் 70 சதவீதத்தைத் திருப்பிப் பண்ண வேண்டியதாச்சு. அதனால தொடர் 1989 டிசம்பர் 17 அன்று கிறிஸ்துமஸ் எபிசோடோட தொடங்கிச்சு. முதல்ல வர வேண்டியது 1990 மே மாசம் சீசன் முடிவுல வந்துச்சு.

ஸ்ரீரங்கத்துல ஒரு டெஸ்ட்

மூணையும் பிரிக்கிறது எப்படி? சுஜாதா வளர்ந்த ஸ்ரீரங்கத்தை, அதாவது 1940களை, நம்ம காலேஜ் டீம் ஒண்ணு குட்டி அனிமேஷன் படமா எடுக்குதுன்னு வெச்சுக்குவோம்.

தெருவுல போற பஸ்ஸோட போர்டுல 1729 என்று இருந்தா, அது குறிப்பு. யாரோ உட்கார்ந்து யோசிச்சு எழுதினது. அதே போர்டு ஒரு ஷாட்ல சிவப்பு, அடுத்த ஷாட்ல பச்சை என்றால், நிஜத் தப்பு. யாருக்கும் அதனால லாபமும் இல்ல, சிரிப்பும் வரல. சித்திரை வெயிலில் கொள்ளிடத்துல கரை புரண்டு தண்ணி ஓட, ஒரு தாத்தா மட்டும் கண்ணைக் கசக்கிக்கிட்டுப் பார்த்தா, அது வேணும்னே பண்ண தப்பு. பாத்திரமே அதைக் கவனிக்குது பாருங்க, அதுதான் அடையாளம்.

நாலாவதா ஒண்ணு இருக்கு. பின்னணியில 13 நிலை ராஜகோபுரம் கம்பீரமா நிக்குது. வண்ணம் சரி, கோணம் சரி, ஒரு ஃப்ரேம்கூட பிசகல. ஆனா 236 அடி ராஜகோபுரம் முடிஞ்சு கும்பாபிஷேகம் ஆனது 1987 மார்ச் 25. அதுவரைக்கும் சில நூற்றாண்டுகளா அங்க நின்னது முடிக்கப்படாத அடிப்பகுதிதான். வரைஞ்சவர் கை தப்பு பண்ணல. அந்த ஊரைப் பத்தி யாரும் கேட்கல, அவ்வளவுதான்.

இந்த நாலாவது வகைதான் கவலைப்பட வேண்டியது. அதே சிம்ப்ஸன்ஸ்ல மளிகைக் கடை வெச்சிருக்கிற அப்பு இருக்கார். பேர் சத்யஜித் ராயின் அப்பு படங்களிலிருந்து வந்தது, அழகான குறிப்பு. 1996ல் கோஹனே எழுதின ஒரு எபிசோடுல அப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல டாக்டர் பட்டம் வாங்கினவர் என்று வரும். ஆனா அவரோட குடும்பப் பெயர் 'நஹசபீமபெட்டிலன்'. எந்த இந்திய மொழியில அப்படிப் பேர் வைப்பாங்க? குரல் கொடுத்தவர் ஹேங்க் அசேரியா, இந்தியர் இல்ல. அமெரிக்காவுல வளர்ந்த எத்தனையோ இந்தியப் பசங்களை அந்த உச்சரிப்பை வெச்சே பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ணாங்க. ஹரி கொண்டபோலு 2017ல் இதைப் பத்தி ஒரு ஆவணப்படமே எடுத்தார். 2020ல் அசேரியா இனி அப்புவுக்குக் குரல் கொடுக்கப் போறதில்லைன்னு அறிவிச்சார். பன்னிரண்டாம் அடுக்கைப் பத்தாவது இலக்கம் வரைக்கும் சரி பாத்த குழுவுக்கு, ஒரு பேரைச் சரி பாக்கத் தோணல.

இது தூரத்து விஷயம் இல்ல. வெளிநாட்டு அனிமேஷன் வேலைகள் இப்ப நம்ம ஊர்ப் பக்கமும் வருது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல டூன்ஸ் நிறுவனம் 1999லிருந்து இயங்குது. நாளைக்கு உங்கள்ல சிலர் அந்த மேஜையில உட்காரலாம். யாரோ ஒருத்தரோட ஊர் உங்க ஸ்க்ரீன்ல வரும். அப்ப நிறத் தாள்ல நிறம் சரியான்னு மட்டும் பாக்காம, அந்த ஊர்க்காரங்க ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

கடைசியா வீட்டுப்பாடம். 1998ல் வந்த 'த விஸார்ட் ஆஃப் எவர்க்ரீன் டெரஸ்' எபிசோடுல, ஹோமர் கரும்பலகையில இப்படி எழுதுவார்: 3987¹² + 4365¹² = 4472¹². ஒற்றை, ஒற்றை, இரட்டை. பழைய ஓட்டை இந்தத் தடவை அடைபட்டிருக்கு. கால்குலேட்டரைத் தொடாம இதை உடைக்க முடியுமா? ஒரு துப்பு: மூணு எண்களோட இலக்கங்களையும் தனித்தனியா கூட்டிப் பாருங்க. எது 3ஆல் வகுபடுது, எது வகுபடல?