பத்து நிமிட எம்.ஆர்.ஐ.

ஈரல் சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பது வழக்கம். புற்றுக்கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே பிடிப்பதற்குத்தான். 'ஸ்கேனில் ஒன்றுமில்லையாம்' என்று செங்கலடியில் நிம்மதியாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த நிம்மதி எவ்வளவு தூரம் சரி?

கொழுப்புப் படிந்த ஈரலுக்குள் ஒலி அலை ஆழமாகப் போகாது. சிறு கட்டி தப்பிவிடும். தென் கொரியாவில் 407 சிரோசிஸ் நோயாளிகளை இரண்டு முறையிலும் பரிசோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் 43 பேருக்குப் புற்று இருந்தது. அல்ட்ராசவுண்ட் காட்டியது 27.9 சதவீதம், எம்.ஆர்.ஐ. 86 சதவீதம்.

முழு எம்.ஆர்.ஐ.க்கு அரை மணிக்கு மேல் தேவை. சுருக்க முறையில் முக்கியமான சில படங்களை மட்டும் எடுப்பார்கள். மருந்தை வெளியிலேயே ஏற்றி, சுமார் 20 நிமிடம் கழித்து உள்ளே அனுப்பினால், அதை உறிஞ்சிய ஈரல் வெளிச்சமாகவும், உறிஞ்சாத கட்டி பெரும்பாலும் கறுப்பாகவும் தெரியும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடுத்தவர் ஏறலாம். இயந்திரங்கள் குறைந்த எங்கள் பக்கத்துக்கு இந்த வேகம்தான் முக்கியம் என்பேன். சந்தேகம் வந்தவருக்கு மட்டும் முழுப் பரிசோதனை.